கணிப்பொறியில் தொலைக்காட்சி: படம் உறைவது ஏன்?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அந்தக் காலத்தில் டி.வி.யில் படம் சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி ஏரியலைத் திருப்புவார். மற்றொருவர் கீழே கூடத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆ, அங்கேயே விட்டுவிடு!" என்று குரல் கொடுப்பார். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு நம் தென்கடற்கரை ஊர்களில் நெடிய இரும்புக் குழாய்களின் உச்சியில் ஏரியலைக் கட்டி, கடல் தாண்டி வந்த அந்த ஒளிபரப்பை இப்படித்தான் பிடித்தார்கள்.

இந்த முறை ஏன் பயன்பட்டது? படமே ஓர் அளவுகருவியாக இருந்ததுதான் காரணம். அனலாக் ஒளிபரப்பில் அலையின் வலிமை சிறிது குறைந்தால் திரையில் சிறிது 'பனி' கொட்டும். மேலும் குறைந்தால் மேலும் கொட்டும். பக்கத்துக் கட்டடத்தில் மோதித் திரும்பிய அலையும் கூடவே வந்து சேர்ந்தால், உருவத்தின் வலப்புறம் மங்கலான மற்றோர் உருவம் தெரியும். என்ன நோய், எவ்வளவு நோய் என்பதைப் படமே சொல்லிவிடும்.

டிஜிட்டல் ஒளிபரப்பு அப்படிச் சொல்வதில்லை. படம் தெரிந்தால் குறையேயின்றித் தெரியும். கெட்டால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும், அல்லது திரை இருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளிதான் உண்டு. ஆகவே, 'படம் நன்றாகத்தானே தெரிகிறது; அலையும் நன்றாகத்தான் வந்துகொண்டிருக்கும்' என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இதனால் திண்டாடிய ஒருவரின் கதையைக் கொண்டே இந்த இயற்பியலைக் காண்போம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சிங்கப்பூரில், தெம்பனிஸ் பகுதியில், அடுக்குமாடி வீடு ஒன்றில் வசிக்கிறார். ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் தாயாருக்குக் காது சற்று மந்தம். வசந்தம் அலைவரிசையில் வரும் தமிழ்ச் செய்தியை ஒரு முறை கேட்டால் அவருக்குப் போதாது. நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதற்காகவே மகன் தம் கணிப்பொறியில் டியூனர் கார்டு ஒன்றைப் பொருத்தினார். இரவுச் செய்தியைக் கணிப்பொறி தானே பதிவு செய்துவைக்கும். மறுநாள் காலையில் அம்மா நிதானமாகப் பார்ப்பார். ஏற்பாடு அருமையானதுதான். ஆனால் அவர் எனக்கு எழுதியது இது:

"சார், நேரில் பார்த்தால் படம் கண்ணாடி போல் இருக்கிறது. பதிவு செய்தால் மட்டும் துண்டு துண்டாக உடைகிறது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுகிறார். பூஸ்டர் வாங்கிப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. பதிவு செய்யும் மென்பொருளில் கோளாறா? கார்டையே மாற்றிவிடலாமா? அம்மா தினமும் கேட்கிறார்கள்."

அதே கார்டு, அதே ஆன்டெனா, அதே கணிப்பொறி. பார்க்கும்போது நன்றாக இருப்பது பதிவு செய்யும்போது ஏன் கெட வேண்டும்? மேலே படிக்குமுன் சற்று யோசித்துப் பாருங்கள்.

கார்டும் ஒளிபரப்பும் பொருந்துகின்றனவா?

முதலில் சிறிய செய்தி ஒன்றை முடித்துவிடுவோம். அந்த மாணவர் தொடக்கத்தில் பயன்படுத்தியது பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மலிவான யு.எஸ்.பி. டியூனர். அது ஓர் அலைவரிசையைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதில் வியப்பில்லை. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பில் டி.வி.பி-டி என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பின் வந்தது டி.வி.பி-டி2. சிங்கப்பூர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அங்கு அனலாக் ஒளிபரப்பு 2019 தொடக்கத்தில் முற்றிலும் நின்றது. நம் நாட்டில் தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியதும் டி.வி.பி-டி2 தான். பழைய டியூனர்கள் பலவற்றில் இருக்கும் ஆர்.டி.எல்.2832யு என்னும் சில்லு டி.வி.பி-டி அலைகளை மட்டுமே பிரித்தறியும். மலையாளம் மட்டுமே அறிந்தவரிடம் எவ்வளவு உரக்கத் தெலுங்கு பேசினாலும் பயன் உண்டா? ஆன்டெனாவை எவ்வளவு உயர்த்தினாலும் இங்கும் அதே கதைதான். புதிதாக வாங்குமுன் பெட்டியின் மேல் 'டி2' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய டியூனரை எறிந்துவிடாதீர்கள். அந்தச் சில்லைக் கொண்டு வேறு பல வானொலி அலைகளை ஆராயலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்து, இன்று உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

மாணவர் டி2 டியூனர் ஒன்றை வாங்கியதும் அலைவரிசைகள் கிடைத்தன. அதன் பிறகுதான் மேற்சொன்ன புதிர் தொடங்கியது.

பாறையின் விளிம்பு

டிஜிட்டல் ஒளிபரப்பில் படமும் ஒலியும் 0, 1 என்ற எண்களாக மாறி வருகின்றன. வழியில் இரைச்சல் புகுந்தால் சில 0 கள் 1 ஆகவும், சில 1 கள் 0 ஆகவும் தவறாகப் படிக்கப்படும். இதைத் திருத்த ஒரு வழி வேண்டும். மிக எளிய வழி, ஒவ்வோர் எண்ணையும் மும்முறை அனுப்புவது. 1 என்று சொல்ல 111 என்று அனுப்புகிறோம். நடுவில் ஒன்று கெட்டு 101 என்று வந்து சேர்ந்தாலும், பெரும்பான்மையைப் பார்த்து 1 என்று தீர்மானித்துவிடலாம்.

இதன் பலன் எவ்வளவு என்று கணக்கிடுவோம். 100 எண்களில் 10 தவறுமானால், அதாவது பிழையின் நிகழ்தகவு 0.1 ஆனால், மூன்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து தவற நிகழ்தகவு 3 × 0.1 × 0.1 × 0.9 + 0.1 × 0.1 × 0.1 = 0.028. பிழை சுமார் மூன்றரை மடங்கு குறைகிறது. அதுவே 100 இல் ஒன்றுதான் தவறும் என்றால் விடை 0.000298 என்று வரும். இங்கே பிழை 33 மடங்குக்கு மேல் குறைகிறது! இரண்டில் ஒன்று தவறும் என்றாலோ திருத்திய பின்னும் இரண்டில் ஒன்று தவறும். பயன் ஏதுமில்லை. திருத்தும் முறையின் இயல்பு இதுதான். நோய் சிறிதாக இருந்தால் அடியோடு நீக்கிவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் கைவிட்டுவிடும்.

உண்மையான ஒளிபரப்பில் மும்முறை அனுப்பும் வீண்செலவு இல்லை. டி.வி.பி-டி முறையில் ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட முறை ஒரு பகுதியாக இருக்கிறது. டி.வி.பி-டி2 முறையில் 64,800 எண்களை ஒரே கட்டாகக் கட்டி, காலகர் என்ற அறிஞர் 1960களின் தொடக்கத்தில் வகுத்த முறையில் சரிபார்க்கிறார்கள். அவர் வகுத்த காலத்தில் அந்தக் கணக்கைப் போடத்தக்க கருவி இல்லாததால் அது நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. கட்டு பெரிதாகப் பெரிதாகத் திருத்தும் திறனும் பெருகும். கூடவே அந்த எல்லையும் கூர்மையாகும். எல்லைக்கு மேலே ஒரு டெசிபெல் இருந்தால் படம் பழுதற்றது. எல்லைக்குக் கீழே ஒரு டெசிபெல் போனால் படமே இல்லை. சமவெளியில் நடந்துகொண்டே போய், திடீரென்று செங்குத்துப் பாறையின் விளிம்பில் கால் தவறுவதைப் போன்றது இது. பொறியாளர்களும் இதைப் 'பாறை விளிம்பு' என்றே சொல்வதுண்டு.

பாறை விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவரும் அரை அடி தள்ளி நிற்பவரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள். காற்று வீசும்போதுதான் வேறுபாடு தெரியும். 'நேரில் பார்த்தால் கண்ணாடி போல் இருக்கிறது' என்று மாணவர் எழுதினாரே, அதைப் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி, அவர் விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதுதான்.

இதை அளக்க வழி இருக்கிறது. டியூனர் கார்டுடன் வரும் மென்பொருள்கள் பலவற்றில் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று அலையின் வலிமை. மற்றொன்று அலையின் தரம், அதாவது அலை இரைச்சலைவிட எத்தனை மடங்கு பெரிது என்ற விகிதம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர். சந்தைக்கடையில் நின்று ஒருவர் உரக்கப் பேசுகிறார், உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நூலகத்தில் ஒருவர் மெல்லப் பேசுகிறார், ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. குரலின் வலிமை எங்கே அதிகம்? தரம் எங்கே அதிகம்?

தரத்தை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள். 3 டெசிபெல் என்றால் திறன் ஏறத்தாழ இரு மடங்கு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. உயர்தெளிவுப் படங்களைத் தாங்கி வரும் டி.வி.பி-டி2 ஒளிபரப்புக்கு, அது அமைக்கப்பட்டுள்ள விதத்தைப் பொறுத்து, 20 டெசிபெலை ஒட்டிய தரம் வேண்டியிருக்கும். "பூஸ்டரைக் கழற்றிவிட்டு, பார்க்கும்போதும் பதிவு செய்யும்போதும் தர அளவைக் குறித்து அனுப்புங்கள். பூஸ்டரோடும் ஒரு முறை குறியுங்கள்" என்று மாணவருக்கு எழுதினேன். கார்டை மாற்றுவதற்கு முன் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்வதே முறை.

விடை வந்தது. பூஸ்டர் இல்லாமல் பார்க்கும்போது 21 டெசிபெல், பதிவு செய்யும்போது 17. பூஸ்டரோடு பார்க்கும்போது 19, பதிவு செய்யும்போது 15. வலிமை மட்டும் பூஸ்டரைப் போட்டதும் 60 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது!

மென்பொருள் குற்றவாளி அல்ல என்பது இப்போது தெளிவு. மென்பொருளில் தவறு இருந்தால் தர அளவு ஏன் இறங்க வேண்டும்? பதிவு தொடங்கியவுடன் எங்கிருந்தோ புதிய இரைச்சல் வருகிறது.

எவ்வளவு சிறிய அலை!

அந்த இரைச்சலைத் தேடுமுன், டியூனருக்கு வந்து சேரும் அலை எவ்வளவு சிறியது என்று அறிவது நல்லது. எந்த மின்கடத்தியிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் தாறுமாறாக ஆடிக்கொண்டே இருக்கின்றன. இதுவே ஓர் இரைச்சல். 1928இல் ஜான்சன் இதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் தந்தார். போல்ட்ஸ்மன் மாறிலி, தனி வெப்பநிலை, அலைப்பட்டையின் அகலம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் இரைச்சலின் திறன் கிடைக்கும். வெப்பநிலை 300 கெல்வின், பட்டையின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ் என்று கொண்டால், ஒரு வாட்டை 30 லட்சம் கோடிப் பங்குகளாக்கி அதில் ஒரு பங்கு என்று விடை வரும். டியூனரின் சொந்தக் குறைகளால் இது நான்கு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். அலை இதைவிட நூறு மடங்கு இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், படம் தெரியப் போதுமான திறன் ஒரு வாட்டில் ஏறத்தாழ 7,500 கோடியில் ஒரு பங்குதான். 75 ஓம் தடையில் இது சுமார் 31 மைக்ரோவோல்ட் மின்னழுத்தமாகும்.

இவ்வளவு நுண்ணிய அலையை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம்? கணிப்பொறியின் வயிற்றுக்குள், அல்லது அதன் இடுப்பில்! கணிப்பொறிக்குள் ஓடும் குறிகைகளோ வோல்ட் கணக்கில் உள்ளவை. முப்பதாயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு. ஆலை இயந்திரத்தின் மேல் காதை வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் பேசும் இரகசியத்தைக் கேட்க முயல்வதைப் போன்றது இது. டியூனர் கார்டுகளின் மேல் சிறிய தகரப் பெட்டி ஒன்று மூடியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆன்டெனாவும் கம்பியும்

இரைச்சலைக் குறைப்பது ஒரு வழி, அலையைக் கூட்டுவது மற்றொரு வழி. விகிதம்தானே முக்கியம்? ஆகவே ஆன்டெனாவையும் கவனிப்போம்.

550 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையை எடுத்துக்கொள்வோம். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 54.5 செ.மீ. டியூனருடன் இலவசமாக வரும் காந்த அடியுள்ள சிறு குச்சி, அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 13 செ.மீ. போல இருக்கும். இது பாதி ஆன்டெனாதான். மற்றப் பாதியைக் கீழேயுள்ள உலோகப் பரப்பு தர வேண்டும். காந்தம் வைத்திருப்பதே இரும்புப் பரப்பின் மேல் ஒட்டுவதற்குத்தான். ஆனால் நாம் அதை மரமேசையின் மேல் வைத்துவிடுகிறோம். பெரிய பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து அதன் நடுவில் நிறுத்திப் பாருங்கள், பல வீடுகளில் இதுவே போதும். இன்னும் வலிமை வேண்டுமென்றால், 1926இல் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர் உலகுக்கு அளித்த மீன்முள் வடிவ ஆன்டெனா இருக்கவே இருக்கிறது.

இடமும் முக்கியம். சிங்கப்பூரின் முதன்மை ஒளிபரப்புக் கோபுரம் தீவின் மேற்கே புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. தெம்பனிஸ் கிழக்கே, ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில். இடையே அடுக்குமாடிகள். அவற்றின் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிகள் வலைபோல் பின்னியிருக்கும். கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரம் அரை அலைநீளத்தைவிடச் சிறிதாக இருப்பதால் அந்த வலை அலைகளுக்கு ஒரு தடுப்புச் சுவர். எனவே அறையின் உட்புறத்தைவிடச் சன்னலோரம் மேலானது. சன்னலிலும் இரும்புக் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அதற்கும் இதே விதிதான்.

சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனலாக் காலத்தில் இவைதான் நிழலுருவங்களைத் தந்தவை. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை 1 மைக்ரோவினாடி தாமதமாக வரும். திரையில் ஒரு வரி இடமிருந்து வலமாக எழுதப்பட 52 மைக்ரோவினாடி ஆவதால், அரை மீட்டர் அகலத் திரையில் நிழலுருவம் ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி நிற்கும். தாத்தா காலத்து டி.வி.யில் அளவுகோலை வைத்தே எதிர்க் கட்டடத்தின் தூரத்தை மதிப்பிட்டிருக்கலாம்! டிஜிட்டல் ஒளிபரப்பு இந்தத் தொல்லையை வேறு விதமாகச் சமாளிக்கிறது. ஒரே அலையில் வேகமாக அனுப்புவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான துணையலைகளில் செய்தியைப் பங்கிட்டு, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்புகிறது. டி.வி.பி-டி முறையின் ஒரு வகையில் 6,817 துணையலைகள். ஒவ்வொரு குறியும் 896 மைக்ரோவினாடி நீடிக்கும். அதற்கு முன்னால் காவல் இடைவெளி என்று சிறிது நேரம் விட்டுவைப்பார்கள். பழைய குறியின் எதிரொலிகள் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஆயினும் எதிரொலியால் தீங்கே இல்லை என்று எண்ண வேண்டாம். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில இடங்களில் அழித்துவிடும். பாடப்புத்தகத்தில் குறுக்கீட்டு விளைவு என்று படிக்கிறீர்களே, அதுதான். அலை வரும் திசைக்கு எதிரே சுவர் இருந்தால், வலுவான இடத்துக்கும் வலுவற்ற இடத்துக்கும் இடையே உள்ள தூரம் கால் அலைநீளம், நம் கணக்கில் 14 செ.மீ. கூட இல்லை. ஒரு சாணுக்கும் குறைவு! 'சன்னலில் வைத்துப் பார்த்துவிட்டேன், பயனில்லை' என்று சொல்பவர்கள் அதே சன்னலில் நான்கு விரல் தள்ளி வைத்துப் பார்ப்பதில்லை. நகர்த்தும்போது கண் படத்தின் மேல் இருக்கக் கூடாது, தர அளவின் மேல் இருக்க வேண்டும்.

இனி பூஸ்டர். பூஸ்டர் என்பது பெருக்கி. உள்ளே வரும் அலையையும் இரைச்சலையும் ஒரே மாதிரிப் பெருக்கி, தன் சொந்த இரைச்சலையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பும். ஆகவே வலிமை உயரும், தரம் உயராது. பிறகு அதற்கு என்னதான் பயன்? நீண்ட கம்பியின் இழப்பை ஈடுகட்டத்தான். தடித்த ஆர்.ஜி.6 கம்பியிலேயே இந்த அதிர்வெண்ணில் 20 மீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல் போய்விடும், அதாவது பாதித் திறன். மெல்லிய கம்பியில் இன்னும் அதிகம். ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் 3.5 டெசிபெல் இழப்பு. மொட்டை மாடியில் ஆன்டெனாவும் கீழ்வீட்டில் கணிப்பொறியும் இருந்தால், ஆன்டெனாவின் காலடியிலேயே பூஸ்டரை வைப்பது பொருத்தம். கம்பியில் தேய்வதற்கு முன்பே அலையைப் பெருக்கிவிட வேண்டும். தேய்ந்து இரைச்சலோடு கலந்த பின் கணிப்பொறியின் அருகே வைத்துப் பெருக்குவதில் பொருளில்லை.

நம் மாணவர் வீட்டில் கம்பியின் நீளம் ஒன்றரை மீட்டர்தான்! ஈடுகட்ட வேண்டிய இழப்பே அங்கு இல்லை. மேலும் மலிவான பூஸ்டர்கள் தொலைக்காட்சி அலைகளை மட்டும் பொறுக்கியெடுப்பதில்லை. அருகில் உள்ள கைபேசிக் கோபுரங்களின் 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் சேர்த்து விழுங்கும். விழுங்கியது அளவுக்கு மீறினால் பெருக்கியின் வெளியீடு உள்ளீட்டுக்கு நேர்விகிதத்தில் இராது. அப்போது அலைகள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். அவையும் இரைச்சலே. பூஸ்டர் போட்டதும் 21 டெசிபெல் 19 ஆனதற்கு இதுவே காரணமாகலாம். கடைகளில் படக் கோளாறு என்றவுடனே பூஸ்டரை எடுத்து நீட்டுகிறார்கள். எந்தக் காய்ச்சல் என்று பாராமல் ஊசி போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

குற்றவாளி எங்கே?

இப்போது புதிருக்கு வருவோம். பதிவு தொடங்கியதும் 4 டெசிபெல் இறங்குகிறது. பதிவு செய்யும்போது மட்டும் வேலை செய்யும் பொருள் எது? "பதிவான படம் எங்கே போய்ச் சேர்கிறது?" என்று கேட்டேன். தனியே வாங்கிய வெளிப்புற வன்தட்டு ஒன்றில் என்றார். அது யு.எஸ்.பி. 3.0 வகை. டியூனர் செருகியிருந்த துளைக்கு அடுத்த துளையில் அதன் கம்பி செருகியிருந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு செ.மீ. கூட இல்லை.

யு.எஸ்.பி. 3.0 கம்பியில் ஒரு வினாடிக்கு 500 கோடி எண்கள் வரை ஓடும். அவ்வளவு விரைவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து 5,000 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கும். தொலைக்காட்சி அலைகள் வாழும் 470 முதல் 700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியும் அதற்குள் அடங்கும். கம்பியின் உறையோ செருகியோ சற்றுத் தரக்குறைவாக இருந்தால் அந்த ஆற்றலில் ஒரு துளி வெளியே கசியும். 31 மைக்ரோவோல்ட்டை நம்பியிருக்கும் டியூனருக்கு அந்தத் துளியே வெள்ளம். ஆக, செய்தியைச் சேமிக்கும் செயலே செய்தியை அழித்துக்கொண்டிருந்தது!

உறுதி செய்ய ஒரு சோதனை: பதிவு எதுவும் செய்யாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே பெரிய கோப்பு ஒன்றை அந்த வன்தட்டுக்கு நகல் எடுக்கச் சொன்னேன். நகல் தொடங்கியதும் தரம் 17க்கு இறங்கியது. முடிந்ததும் 21க்கு ஏறியது. வன்தட்டின் கம்பியை உருவியபோது அப்படியே நிலைத்து நின்றது.

மருந்தும் மலிவானதே. இரண்டு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, டியூனரைக் கணிப்பொறியிலிருந்து விலக்கிச் சன்னலருகே கொண்டுபோனார். தூரம் இரண்டு செ.மீ.யிலிருந்து இரண்டு மீட்டர் ஆனது. இவ்வளவு நெருக்கத்தில் எதிர் இருமடி விதி அப்படியே பொருந்தாது என்றாலும், இரைச்சல் பெருமளவு குறைந்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆன்டெனாக் கம்பியை நீட்டாமல் யு.எஸ்.பி. கம்பியை நீட்டியதைக் கவனியுங்கள். நுண்ணிய அலை போகும் பாதை குறுகியதாகவே இருக்கட்டும். எண்களாக மாறிய பிறகு எவ்வளவு தூரம் போனாலும், கம்பிக்குரிய எல்லைக்குள், பழுதில்லை. பூஸ்டர் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஆன்டெனா ஒரு பிஸ்கட் டப்பா மூடியின் மேல் ஏறியது. பார்க்கும்போதும் பதிவு செய்யும்போதும் தரம் 24 டெசிபெல். அம்மாவின் செய்தி உடையவில்லை. விளிம்பிலிருந்து 4 டெசிபெல் தள்ளி நிற்கிறார் என்றால், மழையோ குறுக்கே போகும் லாரியோ அசைத்தாலும் விழமாட்டார்.

உங்கள் வீட்டில் வன்தட்டு குற்றவாளியாக இல்லாமலிருக்கலாம். திரைக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ. கம்பியும் ஐயத்துக்குரியதே. முழு உயர்தெளிவுப் படத்துக்கு அதன் கடிகாரத் துடிப்பு 148.5 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்காம் மடங்கு 594 மெகாஹெர்ட்ஸ், நேராகத் தொலைக்காட்சிப் பட்டைக்குள் வந்து விழுகிறது. ஓர் அலைவரிசை மட்டும் கெட்டு மற்றவை நன்றாக இருந்தால், திரையின் படத்தெளிவு அளவை மாற்றிவிட்டுத் தரம் மாறுகிறதா என்று பாருங்கள். மடிக்கணிப்பொறி என்றால் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றுமுன்னும் பின்னும் எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.

டியூனர் கார்டு இல்லாதவர்களும் இந்த இரைச்சலைக் காதால் கேட்கலாம். பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கைபேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, கணிப்பொறி, யு.பி.எஸ். என்று ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். எது அதிகமாக இரைகிறது, எத்தனை செ.மீ. தள்ளினால் அடங்குகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். பிறகு வானொலியை அதே இடத்தில் வைத்தபடி மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் திடீரென்று குன்றும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு அப்போது எந்தப் பக்கம் நோக்குகிறது, அது ஏன் என்பதை உங்கள் இயற்பியல் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.